இன்விக்டஸ்: நாட்டைச் சேர்த்தது ரக்பியா, மண்டேலாவா?

வைகைக்கரையான்:

கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி 2009-இல் வந்த ‘இன்விக்டஸ்’ படத்துக்கு இங்கே தனி இழை இல்லை, அதனால் தொடங்குகிறேன். 1995-இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த ரக்பி உலகக் கோப்பையும், அப்போது குடியரசுத் தலைவராகி ஓராண்டே ஆகியிருந்த நெல்சன் மண்டேலாவும்தான் கதை. மார்கன் ஃப்ரீமேன் மண்டேலா, மேட் டேமன் அணித்தலைவர் பிரான்சுவா பினார். இரண்டு பேருக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது.

‘விளையாட்டு ஒரு நாட்டை ஒன்றாக்கிய கதை’ என்று இதைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் இதை வேறு மாதிரி பார்க்கிறேன். நூற்றாண்டுக் கணக்கில் மிதிபட்டு, கடைசியில் ஆட்சியைப் பிடித்த மக்களிடம் போய், ‘எதிராளி உயிராக நினைக்கும் ஒன்றைப் பிடுங்காதீர்கள்’ என்று கேட்கும் தலைவனின் கதை இது. கேட்பது எதிரியிடம் இல்லை, தன் ஆட்களிடம். அதுதான் கடினம்.

முதல் காட்சியே போதும். 1990 பிப்ரவரி 11. சாலையின் ஒரு பக்கம் பச்சைப் புல்தரையில் வெள்ளைக்காரப் பையன்கள் ரக்பி ஆடுகிறார்கள். எதிர்ப்பக்கம் புழுதியில் கறுப்பினப் பையன்கள் கால்பந்து. நடுவில் விடுதலையான மண்டேலாவின் கார்கள் போகின்றன. ஒரு பக்கம் ஆரவாரம், மறுபக்கம் மௌனம். பிறகு வரும் விளையாட்டுக் கவுன்சில் கூட்டத்தைப் பாருங்கள். தேசிய ரக்பி அணியின் ஸ்பிரிங்பாக் என்ற பெயரும் மான் சின்னமும் பச்சை–தங்கச் சட்டையும் இனவெறி ஆட்சியின் அடையாளங்கள், தூக்கிப்போட வேண்டும் என்று கூட்டமே கொதிக்கிறது. உதவியாளர் வேண்டாம் என்று தடுத்தும் மண்டேலா அங்கே போய் நிற்கிறார். அந்தக் காட்சியில் ஃப்ரீமேன் குரலை உயர்த்தவே இல்லை. படத்தின் உச்சம் எனக்கு அதுதான், கடைசி ஆட்டம் இல்லை.

பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பூங்கோதை:

படம் நன்றாக எடுக்கப்பட்ட படம், மறுக்கவில்லை. ஆனால் பார்த்து முடித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. விட்டுக்கொடுத்தது யார்? கறுப்பின மக்கள். பெற்றுக்கொண்டது யார்? வெள்ளையர்கள். நிலம் அவர்களிடமே இருந்தது, சுரங்கம் அவர்களிடமே இருந்தது, இப்போது மான் சின்னமும் அவர்களிடமே. இன்றும் உலகிலேயே ஏற்றத்தாழ்வு மிக மோசமான நாடுகளில் ஒன்று தென்னாப்பிரிக்கா. ஒரு நாள் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று காட்டி விளக்கை அணைத்துவிட்டால், மறுநாள் காலையில் யார் எந்தக் குடிசைக்குத் திரும்பினார்கள் என்பது மறைந்துபோகிறது.

அப்புறம் அந்த முதல் காட்சி. பார்க்க அழகு, ஆனால் அது வரலாறு இல்லை. கறுப்பின மக்களுக்கு ரக்பி அந்நியம், கால்பந்துதான் அவர்களுடையது என்று ஒரு கோடு போட்டுவிடுகிறது. கிழக்கு கேப் பகுதியில் கோசா மக்கள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே ரக்பி ஆடியவர்கள். கேப்டவுன் பக்கத்துக் கலப்பின மக்களிடமும் அதே மாதிரி பழைய மரபு உண்டு. அவர்களுக்கென்று தனிச் சங்கங்கள், தனிப் போட்டிகள் எல்லாம் இருந்தன. ஆட்டம் தெரியாததாலா அவர்கள் தேசிய அணியில் இல்லை? சட்டம் உள்ளே விடவில்லை. இந்த வேறுபாட்டைப் படம் முழுங்கிவிட்டது.

மட்டைமணி:

பூங்கோதை சொன்னதில் இரண்டாவது பகுதி மிக முக்கியம். நானும் ஒன்று சேர்க்கிறேன், படத்தில் இல்லாத இன்னொரு பாதி: புறக்கணிப்பு.

நம் ஊரில் பலருக்கு இது கிரிக்கெட் வழியாகத்தான் தெரியும். 1970-க்குப் பிறகு தென்னாப்பிரிக்கா சர்வதேசக் கிரிக்கெட்டில் இல்லை. 1991 நவம்பர் 10-இல் கொல்கத்தா ஈடன் கார்டனில் இந்தியாவுக்கு எதிராகத்தான் திரும்பி வந்தார்கள். கிளைவ் ரைஸ் தலைவர். இடையில் இருபத்தொரு ஆண்டுகள். கிரேம் போலாக், பேரி ரிச்சர்ட்ஸ் மாதிரி ஆட்டக்காரர்களின் சர்வதேச வாழ்வே அதில் கரைந்துபோனது. ரிச்சர்ட்ஸ் மொத்தம் ஆடியது 4 டெஸ்ட்.

அதைவிட நமக்கு நெருக்கமான ஒன்று 1974 டேவிஸ் கோப்பை டென்னிஸ். விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் என்ற சென்னைச் சகோதரர்கள் இருந்த இந்திய அணி இறுதிப் போட்டி வரை வந்துவிட்டது. எதிரே தென்னாப்பிரிக்கா. இனவெறி அரசின் அணியோடு ஆட முடியாது என்று இந்தியா விலகியது. கோப்பை ஆட்டமே இல்லாமல் அவர்களுக்குப் போயிற்று. இந்தியா இன்று வரை டேவிஸ் கோப்பை வென்றதில்லை. அன்றைக்கு வென்றிருக்க நல்ல வாய்ப்பு இருந்த அணி அது. இரண்டு இளைஞர்கள் தங்கள் வாழ்நாளின் பெரிய ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்கள். விளையாட்டு ஒன்றுசேர்க்கும் என்று பேசுகிறோமே, விளையாட மறுத்ததும் அந்த வேலையைத்தான் செய்தது.

செம்பருத்தி நிழல்:

ரக்பியே தெரியாமல் இந்தப் படம் புரியுமா? யாராவது சுருக்கமாகச் சொன்னால் நல்லது.

மட்டைமணி:

புரியும். பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், பின்பக்கமோ பக்கவாட்டிலோதான் கையால் எறியலாம், முன்னால் எறியக் கூடாது. எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தினால் ‘ட்ரை’, 5 புள்ளி. தண்டனை உதை 3. ஓடும் ஆட்டத்தில் பந்தைத் தரையில் விட்டு, அது எழும்போது உதைத்துக் கம்பங்களுக்கு நடுவில் அனுப்பினால் ‘ட்ராப் கோல்’, அதற்கும் 3. கடைசி ஆட்டம் முழுக்க உதைகள்தான், ஒரு ட்ரைகூட விழவில்லை.

வெண்முகில் (ஆக்லாந்து):

வணக்கம். நான் இலங்கையில இருந்து வந்து கனகாலமா நியூசிலாந்தில இருக்கிறன். மட்டைமணி புறக்கணிப்பைப் பற்றிக் கதைச்சபடியால் இந்தப் பக்கத்துக் கதையையும் சொல்லத்தான் வேணும்.

இங்க றக்பி எண்டால் சமயம் மாதிரி. அதாலதான் இந்த நாடு இதில சிக்கிச்சுது. 1976-இல தென்னாபிரிக்காவின்ர சொவெற்றோவில பொலிஸ் பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுட்ட பிறகும் நியூசிலாந்து அணி தென்னாபிரிக்காவுக்குப் போய் விளையாடிச்சு. அதைக் கண்டிச்சு ஆபிரிக்க நாடுகள் மொன்றியல் ஒலிம்பிக்கைப் புறக்கணிச்சினம். 1981-இல ஸ்பிரிங்பொக் அணி இங்க வந்தது. நாடே ரெண்டாப் பிளந்துபோச்சு. ஒரே வீட்டில தகப்பன் ஆட்டம் பார்க்க மைதானத்துக்கு, மகள் மறியல் செய்ய றோட்டுக்கு எண்ட நிலைமை. ஜூலை 25-ஆம் திகதி ஹமில்டனில நூற்றுக்கணக்கான சனம் வேலியை உடைச்சுக்கொண்டு மைதானத்துக்குள்ள போய் நிண்டுட்டினம். ஆட்டம் ரத்து. செப்ரெம்பர் 12, ஈடன் பார்க்கில கடைசி ரெஸ்ற் நடக்கேக்க சின்ன விமானம் ஒண்டில இருந்து மாப் பைகளை மைதானத்துக்குள்ள போட்டினம். ஒரு பை நியூசிலாந்து வீரர் ஒருவரிலயே விழுந்தது. அதையும் மீறி ஆட்டம் நடந்து முடிஞ்சது.

ஹமில்டன் ஆட்டம் நிண்டுபோன செய்தி ரொபின் தீவுச் சிறைக்கும் போய்ச் சேர்ந்தது. அது வெயில் வந்தது போல இருந்தது எண்டு மண்டேலா பிறகு சொல்லியிருக்கிறார். இதை யோசிச்சுப் பாருங்கோ. 1981-இல ஸ்பிரிங்பொக் விளையாட முடியாமல் போனதுக்குச் சிறைக்குள்ள சந்தோஷப்பட்ட மனுசன், 1995-இல அதே அணியின்ர சட்டையைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குள்ள வாறார். முதல் பாதி தெரியாமல் இந்தப் படத்தைப் பார்க்கிற ஆக்களுக்கு அந்தச் சட்டையின்ர பாரம் விளங்காது.

வைகைக்கரையான்:

வெண்முகில், இதைத்தான் நானும் தொடக்கத்தில் சொல்ல முயன்றேன், நீங்கள் துல்லியமாகச் சொல்லிவிட்டீர்கள். கையில் இருப்பதைத்தான் ஒருவர் கொடுக்க முடியும். ஸ்பிரிங்பாக் சட்டையை ‘வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் நிலைக்கு மண்டேலா வந்ததே, கடைசியில் உலகம் அந்தச் சட்டையோடு ஆட மறுத்ததால்தான். வெள்ளைக்காரத் தென்னாப்பிரிக்கர்களுக்குப் பொருளாதாரத் தடை எவ்வளவு வலித்ததோ தெரியாது, ரக்பி இல்லாமல் போனது நடுவீட்டில் வலித்தது. எங்கே வலிக்கும் என்று தெரிந்த கைக்கே எங்கே தடவ வேண்டும் என்றும் தெரிந்திருந்தது.

பூங்கோதைக்கு: ‘மறுநாள் யார் எந்தக் குடிசைக்குப் போனார்கள்’ என்ற கேள்வி நியாயமானது, அதற்கு இந்தப் படத்தில் பதில் இல்லை. ஆனால் 1993, 94 எப்படி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1993 ஏப்ரல் 10-இல் கறுப்பின விடுதலைப் போராட்டத் தலைவர் கிறிஸ் ஹானி தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று நாடு பற்றி எரிந்திருக்கலாம். முன்னாள் படைத்தளபதி கான்ஸ்டன்ட் வில்ஜூன் பின்னால் ஆயுதம் ஏந்தத் தயாராக வெள்ளைக்கார வலதுசாரிகள் திரண்டிருந்தார்கள். மண்டேலா அவரோடு பேசிப் பேசியே தேர்தலுக்குள் கொண்டுவந்தார். படம் நடப்பது அதற்கு அடுத்த ஆண்டில். ராணுவத்திலும் போலீஸிலும் அதே பழைய ஆட்கள். அந்த நேரத்தில் ‘இவன் ஆட்சிக்கு வந்தால் நமக்கு எதுவும் மிஞ்சாது’ என்று பயந்து கிடந்தவர்களுக்குக் கண்முன்னே ஒரு சான்று தேவைப்பட்டது. கோப்பை அந்தச் சான்று. நிலத்தைப் பங்கிடும் வேலையை அது செய்யாது, செய்யவும் முடியாது. போர் மூளாமல் ஒரு நாள் வாங்கித் தந்தது. அதைச் சின்ன விஷயம் என்று நான் ஒதுக்க மாட்டேன்.

பொருநைத்தம்பி (ஜோகன்னஸ்பர்க்):

அண்ணாச்சி, வேலை காரணமாக இங்கேதான் இருக்கேன். இறுதி ஆட்டம் நடந்த எல்லிஸ் பார்க் பற்றிக் கொஞ்சம் சொல்றேன், படத்தில் வராத ஒரு முன்கதை இருக்கு.

1992 ஆகஸ்ட் 15-இல் இதே எல்லிஸ் பார்க்கில்தான் நியூசிலாந்தோடு தென்னாப்பிரிக்கா மீண்டும் டெஸ்ட் ஆடியது. ஜூன் மாதம்தான் பொய்பட்டாங் என்ற கறுப்பினக் குடியிருப்பில் படுகொலை நடந்திருந்தது. பழைய கொடி கூடாது, பழைய தேசியகீதம் கூடாது, வன்முறையில் இறந்தவர்களுக்கு ஒரு நிமிட மௌனம் என்று பேசி முடித்துத்தான் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் ஒத்துக்கொண்டது. மைதானத்தில் கூட்டம் பழைய கொடியை ஆட்டி, மௌனம் காக்க வேண்டிய நேரத்தில் அந்தப் பழைய தேசியகீதமான ‘டி ஸ்டெம்’ பாடியது. மூன்றே வருஷம் கழித்து, 1995 ஜூன் 24-இல் அதே மைதானத்தில் அறுபதாயிரத்துக்கு மேல், பெரும்பாலும் வெள்ளைக்காரக் கூட்டம். மண்டேலா 6-ஆம் எண் பச்சைச் சட்டையோடும் தொப்பியோடும் உள்ளே வந்ததும் ‘நெல்சன்! நெல்சன்!’ என்று கத்தியது. இந்த 1992-ஐயும் ஒரு காட்சியாக வைத்திருந்தால் படம் இன்னும் எங்கேயோ போயிருக்கும்.

டர்பன் அரையிறுதியும் மறக்கக் கூடாதது. ஜூன் 17, பிரான்ஸோடு. கொட்டித் தீர்த்த மழை, மைதானமே குளம். ஆட்டம் நடக்காமல் போனால் பிரான்ஸ்தான் இறுதிக்குப் போகும், ஏன்னா கனடாவோடு ஆடினப்போ நம்ம அணியின் ஜேம்ஸ் டால்டன் சண்டையில் வெளியேற்றப்பட்டிருந்தார், ஒழுங்குக் கணக்கில் அது பாதகம். பெண்கள் துடைப்பத்தோடு இறங்கித் தண்ணீரைத் தள்ளினார்கள். ஆட்டம் தாமதமாகத் தொடங்கி 19–15-இல் முடிந்தது. அந்தப் பெண்கள் தள்ளிய தண்ணீரில்தான் மிச்சக் கதை எல்லாம் நிற்குது. அவர்கள் பெயர் ஒன்றுகூட வரலாற்றில் நிற்கலை.

இன்னொன்று நம்மவர்களுக்காக. படத்தில் மண்டேலாவின் மெய்க்காப்பாளர்களில் லிங்கா முனிசாமி என்று ஒருவர் வருவார். கற்பனைப் பாத்திரம் இல்லை, மண்டேலாவின் பாதுகாப்புப் பிரிவில் உண்மையிலேயே இருந்தவர், இந்திய வம்சாவளி. படத்தில் அந்த வேடத்தில் ஒரு கறுப்பின நடிகரைப் போட்டிருக்கிறார்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் முதல் கூலித் தொழிலாளர்கள் டர்பனில் இறங்கினார்கள். அந்த மக்களின் வழித்தோன்றல்கள் இனவெறி எதிர்ப்பில் சிறை போனவர்கள், சிலர் உயிரையும் விட்டவர்கள். பெயரை வைத்துக்கொண்டு முகத்தை எடுத்துவிட்டது எனக்கு ரொம்பவே வருத்தம்.

வெண்முகில் (ஆக்லாந்து):

இறுதி ஆட்டத்தைப் பற்றி இங்க இன்னும் கதைப்பினம். அரையிறுதியில இங்கிலாந்துக்கு எதிரா எங்கட ஜோனா லோமு தனியாளா 4 ட்ரை அடிச்சவர், ஸ்கோர் 45–29. அவரை நிப்பாட்ட ஏலாது எண்டுதான் எல்லாரும் நினைச்சது. இறுதியில ஒரு ட்ரைகூட அடிக்க விடேல்லை. முழுநேரத்தில 9–9, மேலதிக நேரத்தில ஜோயல் ஸ்ட்ரான்ஸ்கி அடிச்ச ட்ரொப் கோலால 15–12. தென்னாபிரிக்காவின்ர 15 புள்ளியும் அவர் காலில இருந்து வந்ததுதான், எங்கட 12-உம் ஆண்ட்ரூ மேர்ட்டன்ஸ் ஒராள் அடிச்சது.

ஆட்டத்துக்கு முந்தி எங்கட வீரர்கள் கனபேர் வயிற்றுப்போக்கில விழுந்தது உண்மை. வேணுமெண்டு செய்தது எண்டு பயிற்சியாளர் லோரி மெயின்ஸ் சொல்லிக்கொண்டே இருந்தவர். ஒண்டும் நிரூபிக்கப்படேல்லை. படம் அதைத் தொடவே இல்லை, தொடாமல் விட்டதும் சரிதான்.

பூங்கோதை:

வைகைக்கரையான், ‘போர் மூளாமல் ஒரு நாள் வாங்கித் தந்தது’ என்பதை ஏற்கிறேன். அந்த அளவில் சொன்னால் எனக்கும் சண்டை இல்லை.

ஆனால் செஸ்டர் வில்லியம்ஸ் பற்றிப் பேசாமல் இந்த இழை முழுமையாகாது. அந்த 1995 அணியில் வெள்ளையர் அல்லாத ஒரே வீரர். விளம்பரப் பலகையெல்லாம் அவர் முகம். படத்தில் சேரிப் பிள்ளைகள் ஓடிவந்து அவரை மொய்க்கும் காட்சி அழகாக இருக்கும். உண்மையில் காயத்தால் தொடக்கத்தில் அணியிலேயே இல்லை. கனடா ஆட்டத்துச் சண்டைக்காக இன்னொருவர் தடைசெய்யப்பட்ட பிறகுதான் உள்ளே வந்தார். வந்த கையோடு காலிறுதியில் மேற்கு சமோவாவுக்கு எதிராக 4 ட்ரை.

2002-இல் வந்த தன் வாழ்க்கை வரலாற்றில், சக வீரர்களே தன்னை இனவசைச் சொல்லால் அழைத்ததை அவர் வெளியே சொன்னார். ‘ஓர் அணி, ஒரு நாடு’ என்று முழக்கம் எழுதியிருந்த அணிக்குள்ளேயே அந்த நிலை. படத்தில் ரக்பிக் காட்சிகளுக்கு நடிகர்களைப் பழக்கியவர்களில் அவரும் ஒருவர் என்பது இன்னும் உறுத்துகிறது. மனிதர் பக்கத்திலேயே இருந்திருக்கிறார், அவர் பட்டதில் ஒரு வரிகூடத் திரைக்கதைக்குள் வரவில்லை. 2019-இல் 49 வயதில் மாரடைப்பில் போய்விட்டார்.

பினார் மாறுகிறார், அவர் குடும்பம் மாறுகிறது, மெய்க்காப்பாளர்கள் நண்பர்களாகிறார்கள். செஸ்டர் மட்டும் படம் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருக்கிறார்.

பொருநைத்தம்பி (ஜோகன்னஸ்பர்க்):

பூங்கோதை அக்கா சொல்வது சரி. இறுதி ஆட்டங்களில் களமிறங்கிய 15 பேரை மட்டும் எடுத்துப் பாருங்கள். 1995-இல் வெள்ளையர் அல்லாதவர் ஒருவர். 2007-இல் கோப்பை வென்றபோது இரண்டு பேர், பிரையன் ஹபானாவும் ஜே.பி. பீட்டர்சனும். பன்னிரண்டு வருஷத்தில் ஒன்று இரண்டானது, அவ்வளவுதான். 2019-இல் யோகோஹாமாவில் ஆறு பேர். அணித்தலைவர் சியா கொலிசி, முதல் கறுப்பினத் தலைவர். போர்ட் எலிசபெத் பக்கத்து ஸ்வீடே என்ற குடியிருப்பில் பிறந்தவர். அக்கா சொன்ன அதே கிழக்கு கேப் ரக்பி மண். பினார் போட்ட, மண்டேலா போட்ட அதே 6-ஆம் எண் சட்டை. இங்கிலாந்தை 32–12 என்று அடித்தார்கள். 2023-இல் பாரிஸில் நியூசிலாந்தை 12–11-இல் வென்று மறுபடியும் கோப்பை, அப்போதும் கொலிசிதான் தலைவர்.

இது தானாக நடக்கலை. ஒதுக்கீட்டு இலக்குகள், அதை எதிர்த்த கூச்சல், பள்ளிக்கூடங்களில் உதவித்தொகை என்று நீண்ட இழுபறி. கொலிசியே உதவித்தொகையில் நல்ல பள்ளிக்குப் போனவர்தான். ஸ்வீடேயிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது.

மட்டைமணி:

படமாகப் பார்த்தால் எனக்குப் பெரிய குறை பயிற்சியாளர் கிட்ச் கிறிஸ்டி. அவர் பொறுப்பில் இருந்த 14 டெஸ்டிலும் தென்னாப்பிரிக்கா தோற்கவே இல்லை. ரத்தப் புற்றுநோயோடு போராடிக்கொண்டே அணியை நடத்திய மனிதர், 1998-இல் இறந்தார். படத்தில் கோட்டு போட்ட ஒருவராக ஓரத்தில் நிற்கிறார்.

விமானக் காட்சியும் அப்படித்தான். மைதானத்துக்கு மேலே தாழப் பறந்த போயிங் 747 உண்மை, ஓட்டியவர் லோரி கே. அடியில் வாழ்த்து எழுதியிருந்தது. முன்கூட்டியே திட்டமிட்ட வாழ்த்து அது. படம் அதைக் கொலை முயற்சியோ என்று நினைக்க வைத்துப் பதற்றம் கூட்டுகிறது. தேவையே இல்லை. 747 ஒன்று தலைக்கு மேல் அவ்வளவு தாழ வந்தாலே பதறத்தான் செய்யும்.

ஃப்ரீமேன் பற்றி ஒரு சொல். குரலைப் போலி செய்யாமல் அந்த நிதானத்தைப் பிடித்திருக்கிறார். பிரிந்துபோன மனைவி, விலகி நிற்கும் மகள், விடியுமுன் நடைப்பயிற்சி. நாட்டையே சேர்த்துவைக்கும் மனிதர் வீட்டில் தனியாக இருப்பதை வசனம் இல்லாமல் காட்டியிருக்கிறார்கள். ஈஸ்ட்வுட்டின் சிக்கனம் அங்கே உதவியிருக்கிறது.

வைகைக்கரையான்:

பூங்கோதை, செஸ்டர் பற்றி நீங்கள் எழுதியது இந்த இழையின் முக்கியமான பதிவு. என் வாதத்துக்கும் அது வலு சேர்க்கிறது. ‘விளையாட்டு ஒன்றாக்கியது’ என்றால், ஒரே உடைமாற்றும் அறையில் இருந்தவர்களையே அது ஒன்றாக்கவில்லையே? ஒன்றாக்க வேலை செய்தவர்கள் மனிதர்கள். மண்டேலா சிறையிலேயே ஆப்பிரிகான்ஸ் மொழியைப் படித்தார். ரக்பியைப் பற்றித் தெரிந்துகொண்டார். வீரர்களின் பெயர்களை மனப்பாடம் செய்தார்.

வெள்ளையர் பக்கம் ஒன்றுமே தரவில்லை என்றும் சொல்ல முடியாது. அணி மேலாளர் மோர்னே டு பிளெஸி ஓர் ஆசிரியையை வரவழைத்து, விடுதலைப் போராட்டப் பாடலான ‘என்கோசி சிகலேல் இ ஆப்பிரிக்கா’வைச் சொல்லுக்குச் சொல் வீரர்களுக்குக் கற்றுத்தர வைத்தார். சில ஆண்டுகளுக்கு முன்வரை பயங்கரவாதிகளின் பாட்டு என்று அவர்களுக்குச் சொல்லித்தரப்பட்ட பாட்டு. இறுதி ஆட்டத்தன்று பினாரால் அதைப் பாட முடியவில்லை. தொண்டை அடைத்து, அழுதுவிடக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றதாக அவரே சொல்லியிருக்கிறார். வென்ற பிறகு மைதானத்தில் பேட்டி எடுத்தவர் 60,000 பேர் ஆதரவைப் பற்றிக் கேட்டதும், எங்களுக்குப் பின்னால் 4 கோடியே 30 லட்சம் தென்னாப்பிரிக்கர்கள் இருந்தார்கள் என்றார். நிலத்தோடு ஒப்பிட்டால் இது சிறிதுதான். பினாரின் ஊரில், பினாரின் அப்பா வயதுக்காரர்கள் முன்னால் அதைச் சொல்ல அவருக்கும் துணிவு வேண்டியிருந்தது.

செம்பருத்தி நிழல்:

எல்லாவற்றையும் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தேன். எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் காட்டலாம் என்று நினைக்கிறேன். பொருத்தமாக இருக்குமா?

பூங்கோதை:

தாராளமாக. ஆனால் முதல் காட்சி முடிந்ததும் நிறுத்தி, கறுப்பின மக்களும் ரக்பி ஆடினார்கள், சட்டம்தான் தடுத்தது என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள். முடிந்த பிறகு செஸ்டர் வில்லியம்ஸ் பற்றி ஐந்து நிமிஷம் பேசுங்கள்.

மட்டைமணி:

134 நிமிடப் படம், மூன்று பாடவேளை ஒதுக்குங்கள். ட்ராப் கோல் என்றால் என்னவென்று முன்னாடியே சொல்லிவிட்டால் கடைசியில் யாரும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க மாட்டார்கள். 1974 டேவிஸ் கோப்பையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சென்னைப் பெயர் வந்தால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வெண்முகில் (ஆக்லாந்து):

ஹமில்டன் மைதானத்துக்குள்ள சனம் கைகோத்து நிக்கிற பழைய படங்களும் காணொளிகளும் இணையத்தில இருக்கு, 1981 எண்டு போட்டுத் தேடினால் வரும். படம் தொடங்க முந்தி அதைக் காட்டுங்கோ.